கபுகியும் ஜப்பானியப் பொம்மை நாடகமும்: புத்தகம் வழியாக அறிய விரும்புவோருக்கான கேள்வி பதில்கள்

கபுகி, புன்ராகு இரண்டும் என்ன? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கபுகியில் மனிதர்கள் நடிக்கிறார்கள், புன்ராகுவில் பொம்மைகள் நடிக்கின்றன. இரண்டுமே 17ஆம் நூற்றாண்டில், நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் காசு கொடுத்துப் பார்த்து வளர்த்த கலைகள். 1603 வாக்கில் ஒகுனி என்ற பெண் கியோட்டோவில் ஆடிய ஆட்டத்திலிருந்து கபுகியின் கதை தொடங்குகிறது. 1629-ல் பெண்கள் மேடையேறுவதை அரசு தடை செய்தது. அவர்கள் இடத்துக்கு வந்த இளம் பையன்களின் குழுக்களையும் 1652-ல் தடுத்தார்கள். அப்புறம் வளர்ந்த ஆண்கள் மட்டுமே மிஞ்சினார்கள். பெண் வேடம் கட்டும் ஆணுக்கு ஒன்னகதா என்று பெயர்.

பொம்மை நாடகத்தின் பெரிய ஆண்டு 1684. அந்த ஆண்டில்தான் தகேமொதோ கிதாயூ என்ற பாடகர் ஒசாகாவில் சொந்தமாக அரங்கம் திறந்தார். அவருக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர் சிகாமத்ஸு மொன்ஸாஎமொன் (1653–1725). அன்று அந்தக் கலைக்கு நிங்யோ ஜோரூரி என்று பெயர். புன்ராகு என்ற பெயர் மிகவும் பிந்தியது. ஊமுரா புன்ராகுகென் என்பவரின் வழியில் ஒசாகாவில் நடந்துவந்த அரங்கத்தின் பெயர் கலைக்கே ஒட்டிக்கொண்டது. புத்தகங்களில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது? கபுகிதானே பிரபலம்?

பொம்மை நாடகத்திலிருந்து தொடங்குங்கள். நேரில் பார்க்கப் போகிறவருக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். புத்தகம் வழியாக வருகிறவருக்குத்தான் சொல்கிறேன்.

பொம்மை நாடகத்தில் எல்லாமே சொல்லில்தான் இருக்கிறது. மேடையின் ஓரத்தில் தாயூ என்ற கதைசொல்லி உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர். கிழவன், குழந்தை, மனைவி, வில்லன் என்று எல்லோருடைய குரலும் அந்தத் தாயூவின் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். இடையிடையே 'மழை விட்டது', 'அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்' என்று கதையையும் அவரே சொல்வார். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆகவே அச்சில் வாசிக்கும்போதும் காட்சி, உணர்ச்சி, வானிலை எல்லாம் நம் கையில் இருக்கின்றன. எதுவும் விட்டுப்போவதில்லை.

அந்தக் காலத்திலேயே இவை வாசிக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோரூரி நாடகங்களின் முழுப் பிரதி, பாடும் குறிகளோடு அச்சாகி விற்பனைக்கு வந்தது. கடைக்காரர்களும் வீட்டில் உட்கார்ந்து பாடிப் பழகினார்கள். கபுகிப் பிரதி அப்படியல்ல. அது அரங்கத்துக்குள் கையால் எழுதப்பட்டு, நடிகருக்கு ஏற்றபடி திருத்தப்பட்டு வந்தது. அங்கே நடிகர்தான் எல்லாம், பிரதி வெறும் சட்டகம். அந்தச் சட்டகத்தை மட்டும் கையில் எடுத்து வாசித்தவர்கள் பலர், 'இதில் என்ன இருக்கிறது?' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அது கபுகியின் குறையல்ல, நுழைந்த வாசல் வேறு.

இன்னொரு வசதியும் உண்டு. கபுகியின் பெரிய நாடகங்களில் கணிசமானவை பொம்மை மேடையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை. பொம்மை நாடகப் பிரதிகளை வாசித்தால் கபுகிக்கும் பாதி வழி வந்துவிடுகிறீர்கள்.

சரி, முதலில் எந்தப் புத்தகம்?

டொனால்ட் கீன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'மேஜர் ப்ளேஸ் ஆஃப் சிகாமத்ஸு'. 1961-ல் வந்தது, 11 நாடகங்கள் இருக்கின்றன. அவ்வளவு வேண்டாம் என்றால், அதிலிருந்து நான்கை மட்டும் எடுத்துச் சிறிய பதிப்பாக 'ஃபோர் மேஜர் ப்ளேஸ்' என்றும் வந்திருக்கிறது. தொடங்குவதற்கு அதுவே போதும்.

அதில் 'சொனெஸாகி ஷின்ஜூ'வை முதலில் வாசியுங்கள். ஷின்ஜூ என்றால் காதலர்கள் சேர்ந்து உயிர் விடுவது. சிறியது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 1703-ல் ஒசாகாவில், சொனெஸாகி கோயில் காட்டில், சோயா சாஸ் கடைச் சிப்பந்தி ஒருவனும் விலைமகள் ஒருத்தியும் சேர்ந்து உயிரை விட்டார்கள். சுமார் ஒரு மாதத்தில் சிகாமத்ஸு அதை நாடகமாக்கிவிட்டார். அதுவரை பொம்மை மேடையில் பெரும்பாலும் மாவீரர்களும் பழங்கதைகளும்தான். பார்வையாளர்கள் தினமும் நடக்கும் அதே தெருவில், அவர்கள் கடையில் வேலை செய்யக்கூடிய ஒருவன் நாயகனாக வந்து நின்றது அன்று புதிது.

கதை மிகவும் எளிது. தொகுபேய் தன் மாமாவின் கடையில் வேலை செய்கிறான். மாமா தன் மனைவி வழிப் பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்க நினைத்து வரதட்சணைப் பணத்தையும் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் தொகுபேயின் சிற்றன்னை கையில். அவன் மனதிலோ விலைமகள் ஓஹத்ஸு. போராடிப் பணத்தை மீட்கிறான், திருப்பிக் கொடுப்பதற்குள் நண்பன் குஹேய்ஜி அவசரம் என்று கேட்கிறான், கடனாகக் கொடுத்துவிடுகிறான். குஹேய்ஜி பிறகு வாங்கவே இல்லை என்கிறான். முத்திரையைத் திருடிப் போலிப் பத்திரம் செய்தவன் தொகுபேய்தான் என்று ஊர் நடுவில் பழியையும் போடுகிறான்.

அடுத்து வரும் காட்சியை நிதானமாக வாசியுங்கள். அடி வாங்கி அவமானப்பட்ட தொகுபேய், ஓஹத்ஸு இருக்கும் விடுதிக்கு வருகிறான். அவனைத் தன் நீண்ட மேலங்கிக்குள் மறைத்துத் திண்ணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். அதே நேரத்தில் குஹேய்ஜி உள்ளே வந்து அவனைப் பற்றி இழிவாகப் பேசுகிறான். ஓஹத்ஸு திண்ணையில் உட்கார்ந்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோல, 'இனி அவர் சாகத்தான் வேண்டும், அவருக்கு அந்தத் துணிவு உண்டா என்று எனக்குத் தெரிய வேண்டும்' என்கிறாள். காலால் கீழே தட்டிக் கேட்கிறாள். திண்ணைக்குக் கீழிருந்து அவன் அவளுடைய கணுக்காலைப் பிடித்துத் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டுகிறான். பதில் அவ்வளவுதான். அறையில் இருக்கும் யாருக்கும் தெரியாது.

புன்ராகுவில் பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கால் கிடையாது. கிமோனோவின் கீழ் விளிம்பை அசைத்தே நடையைக் காட்டுவார்கள். இன்று இந்த நாடகம் ஆடும்போது, இந்தக் காட்சிக்காக ஓஹத்ஸுவுக்கு ஒரு வெள்ளைப் பாதம் கொடுக்கிறார்கள். அது தெரிந்தபின் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

முடிவில் இருவரும் விடியலுக்கு முன் காட்டை நோக்கி நடக்கும் பகுதி ஜப்பானிய இலக்கியத்தின் புகழ்பெற்ற வரிகளில் ஒன்று. அதன் தொடக்கம் தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: 'உலகுக்கு விடை, இரவுக்கும் விடை. சாகப் போகும் நாம் எதைப் போன்றவர்? சுடுகாட்டுப் பாதையின் பனி, அடிக்கு அடி கரைவது. எண்ணிப் பார், விடியலின் ஏழு மணியில் ஆறு அடித்தாயிற்று. மிச்சமுள்ள ஒன்றுதான் இந்தப் பிறவியில் நாம் கேட்கும் கடைசி மணியோசை.'

வாசிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன.

மூலம் அப்படித்தான். தாயூ கதை சொல்லிக்கொண்டே ஒரு பாத்திரத்தின் குரலுக்குள் போவார், பாதியில் வெளியே வந்துவிடுவார். அச்சில் மொழிபெயர்ப்பாளர்கள் 'கதைசொல்லி' என்று தனியாகக் குறித்து நாடக வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆண்ட்ரூ கெர்ஸ்ல் 2001-ல் கொண்டுவந்த சிகாமத்ஸுவின் பிற்கால நாடகத் தொகுப்பில் பாடும் முறைக் குறிகளையும் சேர்த்திருக்கிறார். எங்கே பாட்டு, எங்கே பேச்சு என்று அதில் புரியும். முதல் புத்தகமாக அதை எடுக்க வேண்டாம், இரண்டாவது சுற்றில் எடுக்கலாம்.

எளிய வழி, சத்தமாக வாசிப்பது. ஒரு பக்கம் வாய்விட்டு வாசித்தாலே குரல் எங்கே மாற வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு பொம்மையை மூன்று பேர் ஆட்டுவதாகச் சொல்கிறார்களே, அதைப் புத்தகத்தில் எப்படிப் புரிந்துகொள்வது?

இதற்குப் படங்கள் வேண்டும். பார்பரா அடாச்சியின் 'பேக்ஸ்டேஜ் அட் புன்ராகு' (1985) இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். மேடைக்குப் பின்னால் தலை செதுக்குபவர், விக் கட்டுபவர், உடை தைப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் அழைத்துப் போகிறார். 1965-ல் வந்த டொனால்ட் கீனின் 'புன்ராகு' புத்தகமும் புகைப்படங்கள் நிறைந்த பெரிய புத்தகம்.

படம் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தலைமை ஆட்டுநரின் இடது கை பொம்மையின் தலைக்குள், வலது கை பொம்மையின் வலது கைக்கு. இரண்டாமவர் பொம்மையின் இடது கையை மட்டும் பார்த்துக்கொள்வார், மூன்றாமவர் கால்களை. காலுக்குப் பத்து ஆண்டு, இடது கைக்குப் பத்து ஆண்டு பழகிய பிறகுதான் தலை என்பது அந்தத் தொழிலில் வழங்கிவரும் கணக்கு. தலைமை ஆட்டுநர் உயரமான மரக் கட்டைச் செருப்பு போட்டுக்கொள்வார், காலை ஆட்டுபவர் குனிந்து வேலை செய்ய இடம் வேண்டுமே. மற்ற இருவரும் முகம் உட்பட கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். முக்கியமான காட்சிகளில் தலைமை ஆட்டுநர் முகம் தெரிய நிற்பதுண்டு.

இந்த மூவர் முறை 1734-ல் வந்தது. அதாவது சிகாமத்ஸு இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் எழுதியதெல்லாம் ஒருவரே தூக்கி ஆட்டிய சிறிய பொம்மைகளுக்கு. 'சொனெஸாகி'யை வாசிக்கும்போது இன்றைய புன்ராகுப் படங்களை மனதில் ஓடவிடுவோம், தவறில்லை. ஆனால் 1703-ன் மேடை வேறு என்பது நினைவில் இருக்கட்டும். பொம்மையின் அசைவு எளிமையாக இருந்ததால்தான் சொல் இவ்வளவு சுமக்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றும்.

தலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தலை கிடையாது. புன்ஷிச்சி என்ற வகைத் தலை, துயரத்தை உள்ளே அடக்கும் வீரர்கள் பலருக்கும் பொது. வண்ணமும் தலைமுடியும்தான் மாறும். காபு என்று ஒரு தலை உண்டு. அழகான பெண் முகம், கயிற்றை இழுத்தால் வாய் காது வரை பிளந்து கொம்பு முளைத்துப் பேயாகிவிடும்.

இந்தக் கலையைப் பற்றி சிகாமத்ஸுவே ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார், அதுவும் வாசிக்கக் கிடைக்கிறது. அவரோடு பழகிய ஹொஸுமி இகான் என்ற அறிஞர் அவர் பேச்சைக் குறித்து வைத்து, அது 1738-ல் 'நானிவா மியாகே' என்ற நூலில் அச்சானது. கீன் 1955-ல் தொகுத்த ஜப்பானிய இலக்கியத் தொகுப்பில் அந்தப் பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. சில பக்கங்கள்தான்.

கலை என்பது உண்மைக்கும் பொய்க்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு கதை சொல்கிறார். அரண்மனைப் பெண் ஒருத்திக்கு ஒரு காதலன். அடிக்கடி சந்திக்க முடியாததால் அவனைப் போலவே ஒரு மரச்சிலை செய்யச் சொல்கிறாள். நிறம், பல், தோலின் நுண்துளைகள் வரை அச்சாக அவனே. அவனையும் சிலையையும் பக்கத்தில் வைத்தால் உயிர் இருப்பது மட்டும்தான் வித்தியாசம். பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாகி, சிலையைத் தள்ளிவைத்ததோடு காதலும் ஆறிப்போனது. பொம்மைக்கு எழுதியவர் சொன்னது என்பதால் இதற்குத் தனிக் கனம். மேடையில் சோகத்தை வரவழைக்க 'ஐயோ, என்ன சோகம்' என்று எழுதக் கூடாது, நிலைமையே சோகத்தைத் தர வேண்டும் என்றும் அங்கே சொல்கிறார். எழுத்தில் நாட்டமுள்ள எவரும் அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும்.

காதலர்கள் சேர்ந்து இறப்பது, எஜமானுக்காகப் பிள்ளையைப் பலி கொடுப்பது... இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்திலேயே எழுந்த கேள்வியும்கூட. இந்த நாடகங்களைப் பார்த்து உண்மையிலேயே இப்படி இறப்பவர்கள் கூடுகிறார்கள் என்று அரசு கவலைப்பட்டு, 1723-ல் ஷின்ஜூ நாடகங்களுக்குத் தடை போட்டது.

ஆனால் சிகாமத்ஸுவை வாசித்தால் அவர் சாவுக்குப் பூ வைப்பவர் அல்ல என்பது தெரியும். எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், அடகுக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அந்த மனிதர்களை மூலைக்குத் தள்ளுகிறார். 1721-ல் மேடையேறிய 'அமிஜிமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். காகித வியாபாரி ஜிஹேய், மனைவி ஓஸான், விலைமகள் கொஹாரு. கணவன் உயிர் போய்விடக் கூடாதென்று ஓஸான் ரகசியமாகக் கொஹாருவுக்குக் கடிதம் எழுதி, அவரை விட்டுவிடு என்று கெஞ்சியிருக்கிறாள். கொஹாருவும் அந்த வாக்கைக் காப்பாற்ற, அவனை ஏமாற்றியவள் என்ற பழியைத் தானே சுமக்கிறாள். வேறொருவன் அவளைப் பணம் கட்டி மீட்கப் போகிறான் என்று தெரிந்ததும், கொஹாரு உயிரோடு இருக்க மாட்டாள் என்று ஓஸானுக்குப் புரிந்துவிடுகிறது. தன்னுடையதும் குழந்தைகளுடையதுமான துணிகளை அடகு வைத்தாவது அவளைக் காப்பாற்று என்று கணவனிடம் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். அந்த அலமாரிக் காட்சிக்கு இணையாக நான் வாசித்தவை மிகக் குறைவு. இந்த நாடகத்தின் பெருமை இறந்தவர்களிடத்தில் இல்லை, ஒருவரையொருவர் பார்த்திராத அந்த இரு பெண்களிடத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைப் பலி நாடகங்கள் இன்னும் கடினம். 1746-ன் 'சுகவாரா'வில் மத்ஸுஓமாரு தன் மகனை, தன் குடும்பத்தை ஆதரித்த பிரபுவின் மகனுக்குப் பதிலாகக் கொல்லக் கொடுக்கிறான். இதை இன்றைய மனது ஏற்காது, ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடப்பட்ட அந்தச் சிறுவன், தான் எதற்காக வந்தோம் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினான் என்று கேட்டதும் தகப்பன் உடைந்துபோகும் இடத்தை வாசித்தால், நாடகாசிரியர்களும் இதை லேசாக எழுதிவிடவில்லை என்பது தெரியும்.

'சுஷிங்குரா'வை வாசித்தே ஆக வேண்டுமா? பெரிதாக இருக்கிறது.

வாசித்தே ஆக வேண்டும். 11 அங்கங்கள் இருக்கின்றன, ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியமில்லை. டொனால்ட் கீன் மொழிபெயர்ப்பு 1971-ல் வந்தது.

பின்னணி இதுதான். 1701-ல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அசானோ என்ற பிரபு, கிரா என்ற அதிகாரி மீது வாளை உருவினார். அசானோவுக்கு அன்றே வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் தண்டனை. எஜமானை இழந்த 47 சாமுராய்கள் காத்திருந்து 1703 தொடக்கத்தில் கிராவைக் கொன்றார்கள். சாமுராய்களின் சமகால நிகழ்ச்சியை மேடையில் காட்டத் தடை இருந்ததால், 1748-ல் இதை எழுதிய மூவரும், தகேதா இஸுமோ, மியோஷி ஷோராகு, நமிகி சென்ரியூ, கதையை 14ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். அசானோ எனும் பெயர் என்யா ஹங்கான் ஆனது, கிரா கோ நோ மொரொநாவோ ஆனார், தலைவர் ஓயிஷி குரானொசுகே, ஓபோஷி யூரானொசுகே ஆனார். பார்த்த எல்லோருக்கும் யார் யார் என்று தெரியும். இந்த ஆறு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்தில் வைத்துக்கொண்டால் வாசிப்பு சுலபமாகிவிடும்.

பொறுமை இல்லாதவர்கள் ஏழாம் அங்கத்தை மட்டுமாவது வாசியுங்கள். யூரானொசுகே எதிரியை ஏமாற்றக் கேளிக்கை விடுதியில் குடித்துக் கும்மாளமிடுவதுபோல நடிக்கிறான். இரவில் தனியாக ஒரு ரகசியக் கடிதத்தைப் பிரிக்கிறான். சுருள் கடிதம், படிக்கப் படிக்கக் கீழே தொங்குகிறது. மாடியிலிருந்து ஓகாரு என்ற பெண் கைக்கண்ணாடியில் அதைப் பிடித்துப் படிக்கிறாள். திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒற்றன் தொங்கும் முனையைப் படிக்கிறான். ஒரே கடிதம், மூன்று உயரத்தில் மூன்று பேர். ஓகாருவின் கொண்டை ஊசி கீழே விழும் சத்தத்தில் எல்லாம் கலைகிறது.

நான்காம் அங்கத்தில் ஹங்கான் உயிர் விடும் காட்சி. கபுகியில் அது நடக்கும்போது யாரையும் அரங்கத்துக்குள் விடாமல் கதவடைக்கும் வழக்கம் இருந்தது. அதை வாசிக்கும்போது நீங்களும் கைப்பேசியைத் தள்ளி வையுங்கள்.

இப்போது கபுகிக்கு வருவோம். பிரதி சட்டகம்தான் என்றால், கபுகியை எப்படித்தான் வாசிப்பது?

மேடைக் குறிப்புகள் நிறைந்த மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். ஜேம்ஸ் பிராண்டனின் 'கபுகி: ஃபைவ் கிளாசிக் ப்ளேஸ்' (1975) அதற்குச் சரியான தேர்வு. எந்த இடத்தில் என்ன இசை, எங்கே மரக்கட்டை தட்டும் ஓசை, நடிகர் எப்போது உறைந்து நிற்கிறார் என்று வசனத்தோடு வசனமாக எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளைத் தாண்டிக்கொண்டு வசனத்தை மட்டும் வாசித்தால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் குறிப்புகளில்தான் கபுகி இருக்கிறது.

பழகியபின் அவரும் சாமுவேல் லைட்டரும் பதிப்பித்த 'கபுகி ப்ளேஸ் ஆன் ஸ்டேஜ்' நான்கு தொகுதிகள் (2002–2003) இருக்கின்றன, 51 நாடகங்கள். இடையில் தெரியாத சொல் வந்தால் லைட்டரின் 'நியூ கபுகி என்சைக்ளோபீடியா' (1997) கை கொடுக்கும். அது நூலகத்தில் வைத்துப் பார்க்கும் புத்தகம், வாங்க வேண்டியதில்லை.

கபுகியில் ஒரே வசனத்துக்கு எத்தனை உயிர் உண்டு என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1751-ல் பொம்மை மேடைக்கு எழுதப்பட்ட 'இச்சிநோதானி' நாடகத்தில், எதிரணி இளவரசன் அத்ஸுமோரியைக் காப்பாற்ற, தளபதி குமாகாய் தன் 16 வயது மகனின் தலையைக் கொய்து கொடுக்கிறான். மனைவி அந்தத் தலையைப் பார்த்துப் பதறி ஓடிவரும்போது, அவளைத் தடுத்து அரசாணைப் பலகையைப் பிடித்தபடி உறைந்து நிற்கிறான். இப்படி உறைவதற்கு மியே என்று பெயர். ஒன்பதாம் தஞ்சூரோ (1838–1903) என்ற நடிகரின் வழியில் வந்தவர்கள் பலகையைத் தலைகீழாக ஊன்றி நிற்பார்கள். ஷிகான் என்ற பெயர் தாங்கிய நடிகர்களின் வழியில் வந்தவர்கள் பலகையை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். இரண்டாவது, பொம்மை மேடைக்கு நெருக்கமானது.

முடிவும் மாறும். பொம்மை நாடகத்தில் மேடையில் இருக்கும் எல்லோரோடும் திரை விழும். தஞ்சூரோ வழியில் திரையை மூடிவிட்டு, துறவியாகிவிட்ட குமாகாய் மட்டும் பார்வையாளர்கள் நடுவே ஓடும் ஹனாமிச்சி நடைமேடையில் தனியாக நிற்பான். மகனின் 16 ஆண்டுகள் ஒரு கனவாகப் போயின என்று சொல்லிவிட்டுத் தலையைப் பொத்திக்கொண்டு போவான். ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு மனிதனின் துயரமாகச் சுருங்குவதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பார்க்கலாம். இப்படித் தலைமுறை வழியாக வரும் நடிப்பு முறைக்குக் கதா என்று பெயர்.

நடிகர் பெயர்கள் ஒரே குழப்பம். 1700-லும் தஞ்சூரோ, இன்றும் தஞ்சூரோ?

ஆமாம். பெயர் பரம்பரைச் சொத்து, விழா எடுத்து அடுத்தவருக்கு மாற்றுவார்கள். முதலாம் இச்சிகாவா தஞ்சூரோ 1704-ல் மேடையிலேயே சக நடிகரால் குத்திக் கொல்லப்பட்டவர். பதின்மூன்றாம் தஞ்சூரோ 2022-ல் அந்தப் பெயரை ஏற்றார். இடையில் ஒருவரே வாழ்நாளில் மூன்று நான்கு பெயர் மாற்றியிருப்பார். ஆகவே புத்தகத்தில் ஒரு நடிகர் பெயர் வந்தால் எத்தனையாவது என்ற எண்ணைப் பாருங்கள். எண் போடாத புத்தகமாக இருந்தால் ஆண்டை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

அந்தக் கால நடிகர்கள் எழுதியது எதுவும் கிடைக்குமா?

'யாகுஷா ரொங்கோ' என்ற தொகுப்பு இருக்கிறது. சார்லஸ் டன்னும் தொரிகோஏ புன்ஸோவும் சேர்ந்து 1969-ல் 'தி ஆக்டர்ஸ் அனலெக்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அதில் யோஷிஸாவா அயாமே (1673–1729) என்ற பெரிய ஒன்னகதாவின் பேச்சு வருகிறது. அன்றாட வாழ்விலும் பெண்ணாகவே இருக்கப் பழகாதவன் நல்ல ஒன்னகதா ஆக முடியாது என்கிறார். உடை மாற்றும் அறையில்கூடச் சாப்பிடும்போது திரும்பி உட்கார வேண்டுமாம். காதலனாக நடிப்பவர் பக்கத்தில் வாய் நிறைய மென்றுவிட்டு மேடைக்குப் போனால், அவருக்கு எப்படிக் காதல் வரும் என்று கேட்கிறார். ஒரு தொழிலாளி தன் தொழிலைப் பற்றிப் பேசும் தொனி முழுக்க முழுக்க.

பழைய ஆங்கிலப் புத்தகங்களை நம்பலாமா?

வாசிக்கலாம், ஆனால் எழுதியவர் யார் என்று பார்த்துவிட்டு. எர்ல் எர்ன்ஸ்டின் 'தி கபுகி தியேட்டர்' (1956) மேடை அமைப்பைப் பற்றி இன்றும் அருமையான புத்தகம். அவரும், 'ஜப்பானீஸ் தியேட்டர்' (1952) எழுதிய ஃபோபியன் பவர்ஸும் போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் நாடகத் தணிக்கை அதிகாரிகளாக இருந்தவர்கள். எஜமான விசுவாசத்தைப் போற்றும் நாடகங்கள் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டன, 'சுஷிங்குரா' உட்பட. அது 1947 நவம்பரில்தான் மறுபடி மேடையேறியது. பவர்ஸ் தனியொருவராகக் கபுகியைக் காப்பாற்றினார் என்ற கதை நெடுநாள் சொல்லப்பட்டது. பிராண்டன் ஆவணங்களைத் தோண்டி அது அப்படி நடக்கவில்லை என்று 2006-ல் கட்டுரை எழுதினார். 2009-ல் வந்த அவருடைய 'கபுகிஸ் ஃபர்காட்டன் வார்', போர்க்காலத்தில் கபுகி புதிய போர் நாடகங்களை மேடையேற்றியதைக் காட்டுகிறது. அரசியலிலிருந்து விலகி நின்ற தூய மரபு என்ற படத்தை மனதில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய புத்தகம்.

நாவல் ஏதாவது உண்டா?

தனிஸாகி ஜுனிச்சிரோவின் 'சம் ப்ரிஃபர் நெட்டில்ஸ்'. 1928–29-ல் தொடராக வந்தது, ஆங்கிலத்தில் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர். பிரியப் போகும் தம்பதியின் கதை. மாமனார் அவர்களை ஒசாகா பொம்மை அரங்குக்குக் கூட்டிப் போவதும், பிறகு மருமகன் அவரோடு அவாஜித் தீவின் கிராமத்துப் பொம்மை ஆட்டத்துக்குப் போவதும் அதில் முக்கியமான பகுதிகள். பார்வையாளர்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் சூழலை எந்த ஆய்வு நூலும் இப்படித் தராது.

ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?

இங்கே சொன்னவை எல்லாம் ஆங்கிலத்தில் கிடைப்பவை. பத்துப் பதினைந்து கலைச்சொற்கள் பழகிவிட்டால் போதும்.

வாசித்தால் மட்டும் போதுமா? பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள், ஆனால் வாசித்துவிட்டுப் பாருங்கள். ஒசாகாவில் 1984-ல் திறந்த தேசியப் புன்ராகு அரங்கில் பாடப்படும் வரிகள் மேடைக்கு மேலே எழுத்தில் ஓடுகின்றன. தாயூகூட மனப்பாடமாகத் தெரிந்த பிரதியைச் சிறு மேசைமேல் வைத்து, தொடங்கும் முன் இரு கையாலும் தூக்கி நெற்றியருகே வைத்து வணங்கிவிட்டுத்தான் பிரிப்பார். டோக்கியோ போக வாய்த்தால், 1889-ல் தொடங்கி, இன்றைய கட்டடத்தில் 2013 முதல் நடக்கும் கபுகி-ஸாவில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் குறைந்த விலையில் சீட்டு தருவார்கள். நீங்கள் வாசித்த அங்கம் அந்த மாதம் ஆடுகிறார்களா என்று பார்த்துப் போங்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

கீன், பிராண்டன் போன்றோரின் மொழிபெயர்ப்புகள் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்டவை, புதிதாக வாங்கினால் விலை கூடுதல். பழைய புத்தக வலைத்தளங்களில் தேடினால் குறைவாக அமையும். பழைய பதிப்புகள் சில இன்டர்நெட் ஆர்க்கைவில் கணக்குத் தொடங்கி இரவல் வாங்கி வாசிக்கக் கிடைக்கின்றன. நடிகர்களின் வண்ண மரச்செதுக்கு ஓவியங்களுக்கு டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பு இருக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை. தேடும்போது ஆங்கிலத்தில் நாடகத்தின் ஜப்பானியப் பெயரைக் கொடுங்கள். ஒரே நாடகத்துக்கு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தலைப்பு இருப்பதால், ஆங்கிலத் தலைப்பில் தேடினால் பாதி தவறிவிடும்.